‘அபிராமபுரம்’ வெண்பாவுக்குள் வருமா? - ஓய்வு நேரத்தில் கட்டப்பட்ட தமிழ் இணையத்தின் கதை

மயிலாப்பூர் என்ற பெயரை ஒரு வெண்பாவில் வைக்கலாம். அடையாறு என்ற பெயரையும் வைக்கலாம். ஆனால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அபிராமபுரத்தை வைக்க முடியாது. முழுப் பெயரையும் ஒரே சீராகப் போட்டால் வெண்பா அங்கேயே உடைந்துவிடும்.

“அட, ஊர்ப் பெயரில் என்னங்க தப்பு?” என்று கேட்டால், முன்பெல்லாம் ஒரு தமிழாசிரியரைத் தேடிப் போக வேண்டும். இப்போது அது தேவையில்லை. ‘அவலோகிதம்’ என்ற இணையதளத்தில் ஒரு பாட்டைத் தட்டினால் போதும். அசை என்ன, சீர் என்ன, எந்தத் தளை எங்கே தட்டுகிறது, மொத்தத்தில் அது என்ன பா என்று பிரித்துக் காட்டிவிடும். விளம்பரம் இல்லை, கட்டணமும் இல்லை.

இதை உருவாக்கியது ஒரு பல்கலைக்கழகமோ, அரசுத் துறையோ, ஐ.டி. நிறுவனமோ அல்ல. வினோத் ராஜன் என்ற ஒரே ஒருவர். இது அவருடைய தனிப்பட்ட திட்டம். இன்னும் எளிமையாகச் சொன்னால், ஹாபி.

தமிழ் இணையத்தில் நாம் தினமும் பயன்படுத்தும் பல விஷயங்கள் இப்படி யாரோ ஒருவரின் ஓய்வு நேரத்தில் பிறந்தவைதான். அவை எப்படி வேலை செய்கின்றன? அவற்றை உருவாக்கியவர்கள் ஒருநாள் நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

பெயரிலேயே ஒரு கதை

‘அவலோகிதம்’ என்ற பெயர் சும்மா வைக்கப்பட்டதல்ல. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘வீரசோழியம்’ என்ற இலக்கண நூலை எழுதியவர் புத்தமித்திரர். அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்கிறது அந்த நூல். அவலோகிதர் பௌத்த மரபில் வரும் போதிசத்துவர். அந்தப் பழைய நம்பிக்கையிலிருந்து எடுத்த பெயரை, இன்று தமிழ் யாப்பைச் சொல்லித்தரும் ஒரு மென்பொருள் சுமந்துகொண்டிருக்கிறது.

வினோத் ராஜன், ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பழைய எழுத்துகளைக் கணினி வழியாக ஆராய்வது அவருடைய துறை. ‘அவலோகிதம்’ தவிர, ‘அக்ஷரமுக’ என்ற எழுத்துமாற்றத் தளத்தையும் உருவாக்கியிருக்கிறார். அதைப் பற்றிப் பிறகு.

கணினி எப்படிப் பாட்டை அலகிடுகிறது?

பள்ளியில் ‘நேர், நிரை’ படித்தது பலருக்கும் மறந்திருக்கும். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

முதல் வேலை, எழுத்தைப் பிரிப்பது. மனிதர்களுக்கு இது சுலபம். கணினிக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். ‘அபிராமபுரம்’ என்பதில் அ, பி, ரா, ம, பு, ர, ம் என்று 7 எழுத்துகள். ஆனால், யூனிகோடு முறையில் இதே சொல் 11 குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. ‘பி’ என்பது கணினிக்கு ஒரு எழுத்து இல்லை. ‘ப’ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு. ‘ம்’ என்பதும் ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. ஆக, கொக்கியையும் காலையும் புள்ளியையும் அதனதன் மெய்யோடு ஒட்டவைத்து, ‘இதுதான் ஒரு தமிழ் எழுத்து’ என்று கணினிக்கு முதலில் புரியவைக்க வேண்டும்.

இரண்டாவது, அசை பிரிப்பது. தனிக்குறிலோ நெடிலோ வந்தால் நேரசை. இரண்டு குறில்களோ, ஒரு குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரையசை. பின்னால் ஒற்று வந்தால் அதையும் அதே அசையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த விதிப்படி ‘அபிராமபுரம்’ இப்படிப் பிரியும்:

அபி (நிரை) / ரா (நேர்) / மபு (நிரை) / ரம் (நேர்)

மூன்றாவது, சீர். இரண்டு அசை என்றால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூன்று அசையில் கடைசி அசை நேர் என்றால் காய்ச்சீர், நிரை என்றால் கனிச்சீர். அபிராமபுரத்தில் நான்கு அசைகள். இலக்கணப்படி அதன் பெயர் ‘புளிமாநறும்பூ’. வெண்பாவில் ஈரசைச் சீர்களும் காய்ச்சீர்களும் மட்டும்தான் வரலாம். கடைசிச் சீருக்குத் தனி விதி. நாலசைச் சீருக்கு அங்கே இடமே இல்லை. அபிராமபுரம் வாசலிலேயே நிறுத்தப்படுவது இதனால்தான்.

‘மயிலாப்பூர்’ ஏன் உள்ளே வருகிறது? மயி / லாப் / பூர். நிரை, நேர், நேர். அதாவது புளிமாங்காய். ‘அடையாறு’ என்பதும் அதே புளிமாங்காய்தான். காய்ச்சீருக்கு வெண்பாவில் தடையில்லை.

நான்காவது, தளை. ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கான விதி இது. வெண்பாவுக்கு மூன்றே கட்டளைகள்தான். மாச்சீருக்குப் பிறகு நிரை வர வேண்டும். விளச்சீருக்குப் பிறகு நேர் வர வேண்டும். காய்ச்சீருக்குப் பிறகும் நேர்தான் வர வேண்டும்.

‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்ற இந்த அமைப்பைப் பார்த்தால் புரோகிராம் எழுதுபவர்களுக்குச் சட்டென்று ஒன்று தோன்றும். இது கிட்டத்தட்ட கோட் மாதிரியே இருக்கிறதே! தொல்காப்பியத்தின் செய்யுளியலும், அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையும் மனிதர்களுக்காக எழுதிவைத்த விதிகளைக் கணினிக்குப் புரியும் மொழியில் மறுபடி எழுதும் வேலைதான் இது. சொல்வது எளிது. ஆனால், விதிகளோடு விதிவிலக்குகளையும் தெரிந்த ஒருவர், கோட் எழுதவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அபூர்வம்.

ஒரு குறளைச் சோதித்துப் பார்க்கலாமா?

நாலசைச் சீர் வராது என்றால் அபிராமபுரத்தை வைத்து வெண்பாவே எழுத முடியாதா? முடியும். சொல்லை இரண்டாக உடைத்து இரண்டு சீர்களில் போடலாம். இதற்கு ‘வகையுளி’ என்று பெயர். ஆனால், உடைக்கும் இடம் சரியாக இருக்க வேண்டும்.

‘அபிராம புரம்’ என்று பொருள் தெரியும்படி உடைத்தால் தளை தட்டும். ‘அபிராம’ என்பது புளிமாங்காய். காய்க்குப் பிறகு நேர் வர வேண்டும். ஆனால், ‘புரம்’ என்பது நிரை. ஆகவே, பொருளுக்குச் சரியான இடம் ஓசைக்குத் தப்பான இடமாகிவிடுகிறது.

‘அபிரா மபுரம்’ என்று உடைத்தால்? இரண்டுமே புளிமா. மாவுக்குப் பின் நிரை. வெண்டளை சரியாக விழுகிறது. சோதனைக்காக இரண்டு வரிகள்:

மாலை அபிரா மபுரம் மழைபெய்தால்
சாலை முழுதும் குளம்

முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவது அடியில் மூன்று சீர். மாலை - தேமா, அபிரா - புளிமா, மபுரம் - புளிமா, மழைபெய்தால் - புளிமாங்காய். அடுத்த அடியில் சாலை - தேமா, முழுதும் - புளிமா. கடைசியில் ‘குளம்’ என்ற ஓரசைச் சீர். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். ‘குளம்’ மலர் வகை. மாலை - சாலை என எதுகையும் இருக்கிறது. குறள் வெண்பா தேறிவிட்டது.

இப்போது ‘குளம்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஏரி’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் இன்னும் பெரிதாகிறது. ஆனால், இலக்கணம் இரண்டு இடத்தில் அடி வாங்குகிறது. ‘முழுதும்’ என்ற மாச்சீருக்குப் பின்னால் ‘ஏ’ என்ற நேர் வருகிறது. கடைசிச் சீரும் தேமா ஆகிவிடுகிறது. இந்த மாதிரிப் பிழையை மனிதக் கண் தவறவிடலாம். விதிகளை மட்டுமே பார்க்கும் மென்பொருள் விடாது.

அதே நேரத்தில், அதன் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. இலக்கணம் சரியான, ஆனால் அர்த்தமே இல்லாத ஏழு சீர்களைக் கொடுத்தாலும் ‘வெண்பா’ என்றுதான் அது சொல்லும். கவிதையா இல்லையா என்று தீர்ப்பு சொல்வது அதன் வேலை அல்ல.

மந்தைவெளியில் வரும் தலைவலி

எல்லாமே இவ்வளவு நேர்கோடாக இருந்தால் கல்லூரி மாணவர் ஒருவர் வார இறுதியில் முடித்துவிடலாம். சிக்கல் எங்கே வரும் என்பதற்கு அபிராமபுரத்துக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

‘மந்தைவெளி’யை எழுத்துக்கூட்டியபடியே பிரித்தால் மந் / தை / வெளி. நேர், நேர், நிரை. தேமாங்கனி. கனிச்சீர் என்பதால் வெண்பாவில் வராது. ஆனால், சொல்லின் இடையிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் தன் முழு அளவில் ஒலிப்பதில்லை. ‘ஐகாரக்குறுக்கம்’ என்பார்கள். அப்படிக் குறுகிய ‘தை’யைக் குறிலாகக் கொண்டால் மந் / தைவெ / ளி. நேர், நிரை, நேர். கூவிளங்காய்! இப்போது மந்தைவெளி வெண்பாவுக்குள் வந்துவிடுகிறது.

ஒரே சொல், இரண்டு வாசிப்பு. எது சரி என்று பாட்டின் ஓசையை வைத்துப் புலவர் முடிவு செய்வார். கணினி என்ன செய்யும்? குற்றியலிகரம், ஆய்தம், அளபெடை என்று இப்படிப் பல இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் வழி செய்து, தப்பு என்று யாராவது சொன்னால் திருத்த வேண்டும். கூலி இல்லாத வேலையில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான்.

ஏ.ஐ. வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பெரிய மொழி மாதிரிகள் அடுத்த சொல்துண்டு எதுவாக இருக்கும் என்று கணித்து எழுதுகின்றன. அவை தளை விதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதில்லை. ஏ.ஐ. எழுதித்தரும் ‘வெண்பா’ உண்மையிலேயே வெண்பாதானா என்று சரிபார்க்க, விதிகளை மட்டும் தெரிந்த இந்தச் சின்னக் கருவி இன்றைக்கும் தேவைப்படுகிறது.

‘மயிலை’யில் தொடங்கிய வரிசை

தமிழ் இணையத்தில் இது முதல் ஹாபி அல்ல. 1990-களில் தமிழில் மின்னஞ்சல் அனுப்புவதே பெரிய விஷயம். அப்போது இலவசமாகக் கிடைத்த ஃபான்ட்களில் ஒன்றின் பெயர் ‘மயிலை’. அதை உருவாக்கியவர் கு. கல்யாணசுந்தரம். தொழில்முறையில் அவர் வேதியியல் விஞ்ஞானி. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றியவர். எழுத்துரு வடிவமைப்பு அவருடைய ‘வேலை’ அல்ல.

அதே கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கியதுதான் ‘மதுரைத் திட்டம்’. சங்க இலக்கியம் முதல் 20-ம் நூற்றாண்டு நூல்கள் வரை, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். அந்தக் கோப்புகளைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே யார் தட்டச்சு செய்தது, யார் மெய்ப்புப் பார்த்தது என்ற விவரம் இருக்கும். கூடவே ஒரு வரி: இந்த முகப்புக் குறிப்பை நீக்காமல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பகிரலாம் என்ற அனுமதி. சாதாரணமாகத் தெரியும் அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பது கட்டுரையின் முடிவில் புரியும்.

ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு ஃபான்ட் குறியீட்டில் இருந்த காலத்தில், பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்றப் பலரும் நம்பியிருந்தது ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய ‘பொங்கு தமிழ்’ மாற்றியை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவைக்க முகுந்த் முன்னெடுத்த ‘எ-கலப்பை’, சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதனின் ‘அழகி’ ஆகியவை வந்தன. தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய ‘தமிழ்மண’த்தை 2004-ல் தொடங்கியவர் காசி ஆறுமுகம். 2003-ல் பிறந்த தமிழ் விக்கிபீடியாவுக்கு ஆரம்பத்தில் அடித்தளம் போட்டவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன்.

வேதியியலாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர். சம்பளத்துக்கு வேறு வேலை. தமிழுக்கு ராத்திரி நேரம். தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டு பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது.

இன்னும் மூன்று கண்டெடுப்புகள்

*அக்ஷரமுக:* வினோத் ராஜனின் இன்னொரு திட்டம். ஒரு எழுத்துமுறையில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றித்தரும். கிரந்தம், பிராமி, சிங்களம், திபெத்தியம் என 100-க்கும் மேற்பட்ட எழுத்துமுறைகள் இதில் இருக்கின்றன. இது மொழிபெயர்ப்பு அல்ல, எழுத்துபெயர்ப்பு. இதில் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தேவநாகரியில் க-வரிசைக்கு நான்கு எழுத்துகள். தமிழில் ஒரே ‘க’. அங்கிருந்து இங்கே வருவது எளிது. இங்கிருந்து அங்கே போகும்போது ‘காந்தி’யின் ‘கா’ அந்த நான்கில் எது என்று எப்படித் தெரியும்? இதுபோன்ற கேள்விகளுக்கு வழி தேடித்தேடி வளர்ந்த தளம் இது. இதன் மூல நிரல் பொதுவில் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

*முந்திரிக்கு ஒரு குறி:* கடையில் வாங்கும் முந்திரி அல்ல. தமிழ்க் கணக்கில் முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. பழைய ஓலைகளிலும் கணக்கேடுகளிலும் இதற்கென்று தனிக் குறி உண்டு. ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைகளுக்கும், காசு, பணம், வராகன் போன்ற நாணயங்களுக்கும் குறிகள் உண்டு. இவற்றைத் திரட்டி, ஆதாரங்களோடு யூனிகோடு அமைப்பிடம் முன்மொழிந்தவர் ஸ்ரீரமண சர்மா. 2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12-ம் பதிப்பில் 51 குறிகள் சேர்ந்தன. யூனிகோடுக்கு முன்மொழிவு அனுப்பப் பெரிய பதவி எதுவும் தேவையில்லை. ஆதாரமும் பொறுமையும் இருந்தால் போதும்.

*வெள்ள வரைபடம்:* 2015 டிசம்பர் முதல் வாரம் சென்னைக்காரர்களுக்கு மறக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாற்றின் கரையோரப் பகுதிகள் மூழ்கின. எந்தத் தெருவில் தண்ணீர், எந்தத் தெருவில் போகலாம் என்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில், வரைபட வடிவமைப்பாளர் அருண் கணேஷ் ஒரு இணைய வரைபடத்தை உருவாக்கினார். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் கிளிக் செய்து குறிக்கலாம். சென்னையின் தெருக்கள் அதற்குள் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ தளத்தில் ஏற்கெனவே இருந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் இது சாத்தியமானது. அந்தத் தெருக்களை அதற்கு முந்தைய வருடங்களில், எந்த வெள்ளத்தையும் எதிர்பார்க்காமல், பொழுதுபோக்காக வரைந்து வைத்திருந்தவர்கள் தன்னார்வலர்கள்.

ஹாபி தளங்கள் ஏன் காணாமல்போகின்றன?

ஒரு தளத்தைக் கட்டி முடித்தால் அது கோயில் மண்டபம் மாதிரி நின்றுகொண்டே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டொமைன் பெயரைக் காலாகாலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் முகவரி வேறொருவர் கைக்குப் போகலாம். சர்வர் வாடகை தனி. அதோடு அடித்தளமும் மாறிக்கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, பல சின்னத் தளங்கள் எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியின் 5-ம் பதிப்புக்கான ஆதரவு 2018 முடிவோடு நின்றுபோனது. அதே ஆண்டு ஜூலையில், ‘எச்.டி.டி.பி.எஸ்.’ இல்லாத எல்லாத் தளங்களையும் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்ட ஆரம்பித்தது குரோம். உருவாக்கியவர் எதையும் மாற்றாமல் இருந்தாலே தளம் பழுதாகிவிடும். காரணம், அதைச் சுற்றியுள்ள உலகம் மாறுகிறது.

சரி, பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் பாதுகாப்பா? அதுவும் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் இலவச இணையப் பக்கம் என்றாலே ‘ஜியோசிட்டீஸ்’தான். 1999-ல் அதை வாங்கிய யாஹூ, 2009 அக்டோபரில் மூடிவிட்டது. அதில் இருந்த லட்சக்கணக்கான தனிமனிதப் பக்கங்களில் மிஞ்சியவை, தன்னார்வலர்களும் இன்டர்நெட் ஆர்க்கைவும் கடைசி நேரத்தில் நகலெடுத்து வைத்தவைதான். பலர் தினமும் வலைப்பதிவு படித்துக்கொண்டிருந்த ‘கூகுள் ரீடர்’ 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

இது தமிழுக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற வெறும் 11 வரி நிரலை அதை எழுதியவர் ஒரு தகராறில் நீக்கிவிட்டார். அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருள் திட்டங்கள் உலகம் முழுக்கத் தடுமாறின. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட ‘எக்ஸ்-இசட்’ விவகாரம் இன்னும் பயங்கரம். லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் அந்தச் சுருக்கக் கருவியைக் கிட்டத்தட்ட ஒருவரே சம்பளம் இல்லாமல் பராமரித்துவந்தார். களைத்துப்போன அவரிடம் ‘நான் உதவுகிறேன்’ என்று வந்த ஒருவர், இரண்டு வருடங்களுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, உள்ளே ஒரு திருட்டு வாசலை வைத்தார். கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது.

ஒரு கருவியை உருவாக்க ஒரே ஆள் போதும். அதைக் காப்பாற்ற ஒரே ஆள் போதாது. மேலே பார்த்த கதைகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன.

மூன்று பாதைகள்

இதுவரை வந்த ஹாபித் திட்டங்களைப் பார்த்தால், பிழைத்தவை மூன்று வழிகளில் பிழைத்திருக்கின்றன.

ஒன்று, நிறுவனமாக மாறுவது. இதற்கு நல்ல உதாரணம் கிரிக்இன்ஃபோ. 1993-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் தொடங்கியது. வெளிநாட்டில் படித்துக்கொண்டே ஸ்கோருக்கு ஏங்கிய மாணவர்கள்தான் அதை வளர்த்தார்கள். அவர்களில் ஒருவர், அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பத்ரி சேஷாத்ரி. 2003-ல் விஸ்டனிடமும், 2007-ல் இ.எஸ்.பி.என்-னிடமும் அந்தத் தளம் போனது. சென்னை திரும்பிய பத்ரி, கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் வெளியிட்ட ‘என்.எச்.எம். ரைட்டர்’ என்ற இலவசத் தமிழ்த் தட்டச்சுக் கருவியும் பலருடைய கணினியில் இடம்பிடித்தது. ஆனால், விளம்பரம் கிடைக்கும் கிரிக்கெட்டுக்கு இந்தப் பாதை சரி. வெண்பாவுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

இரண்டு, பலர் கைக்கு மாறுவது. மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிபீடியாவும் இப்படித்தான். ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் தொடரலாம்.

மூன்று, திறந்து வைப்பது. உருவாக்கியவர் ஒருவராகவே இருந்தாலும், நிரலையும் தரவையும் பொதுவில் வைத்து ‘யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்’ என்று எழுத்தில் அனுமதி தருவது. அக்ஷரமுக இந்த வகை. த. சீனிவாசன் உள்ளிட்டோர் நடத்தும் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளமும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் நூல்களை வெளியிடுகிறது. முத்தையா அண்ணாமலை தொடங்கிய ‘ஓப்பன்-தமிழ்’ நிரல் தொகுப்பும் அப்படியே. எழுத்தைப் பிரிக்கும் வேலையை ஒருமுறை ஒருவர் சரியாக எழுதித் திறந்து வைத்துவிட்டால், அடுத்து வருபவர் மறுபடியும் ‘பி’ ஒரு எழுத்தா இரண்டா என்று தொடங்க வேண்டியதில்லை.

மதுரைத் திட்டக் கோப்புகளின் முகப்பில் இருக்கும் அந்த ஒரு வரியின் அருமை இப்போது தெரியும். அனுமதி இருந்ததால்தான் அந்த நூல்களை வேறு தளங்களும் செயலிகளும் நகலெடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. மூலத் தளம் ஒருநாள் வராவிட்டாலும் நூல் தொலையாது. அனுமதி எழுதாத தளத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. நல்லெண்ணத்தோடு காப்பாற்ற நினைப்பவர்கூட, இதை எடுக்கலாமா கூடாதா என்று தயங்கி நிற்பார்.

நாம் என்ன செய்யலாம்?

கோட் எழுதத் தெரிய வேண்டும் என்றில்லை.

* உங்களுக்குப் பிடித்த சின்னத் தளத்தின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்தில் கொடுத்துச் சேமித்துவையுங்கள். சில விநாடி வேலை. கட்டணம் இல்லை. ஆனால், இதில் பக்கத்தின் தோற்றம்தான் பத்திரமாகும். அவலோகிதம் போலப் பின்னால் நிரல் ஓடும் தளங்கள் வேலை செய்யாது. அவற்றுக்கு நிரலே வேண்டும்.

* பிழை கண்டால் தெளிவாக எழுதி அனுப்புங்கள். ‘வேலை செய்யல’ என்பதைவிட, என்ன தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்ற மூன்று வரி பலமடங்கு உதவும். தமிழாசிரியர்கள் சுட்டிக்காட்டும் ஒரு விதிவிலக்கு, மென்பொருளுக்கு ஒரு புதிய பதிப்பாக மாறலாம்.

* பயன்படுத்தினால் பெயரைச் சொல்லுங்கள். ஆய்வேட்டிலோ பாடக்குறிப்பிலோ ஒரு வரி நன்றி போதும். யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று தெரிவதுதான் ஹாபிக்காரருக்குக் கிடைக்கும் சம்பளம்.

* நீங்களே ஒரு தளம் உருவாக்கியிருந்தால், இன்றைக்கே உரிமத்தை எழுதிவையுங்கள். நிரலைப் பொதுவில் ஏற்றுங்கள். டொமைன் கடவுச்சொல் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

தமிழ்த்துறை மாணவர்களும் கணினித்துறை மாணவர்களும் ஒரே வளாகத்தில் படிக்கும் கல்லூரிகள் சென்னையில் நிறைய இருக்கின்றன. ஒருவருக்கு ஐகாரக்குறுக்கம் தெரியும், இன்னொருவருக்குப் பைத்தான் தெரியும். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு மளிகைக் கடை பில்லிங் சாஃப்ட்வேரையே திரும்பத் திரும்பச் செய்வதைவிட, இருக்கிற ஒரு திறந்த தமிழ்க் கருவியை எடுத்து ஒரு விதிவிலக்கைச் சேர்த்தால்கூட அது பல வருடம் பயன்படும்.

அதுவரை, மேலே பார்த்த குறளை நீங்களே தட்டிச் சோதித்துப் பார்க்கலாம். சீர்களுக்கு நடுவில் இடைவெளி விட மறக்காதீர்கள். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. அடுத்த மழைக்காலத்தில் பொருள் பிழையாகிப்போனால், அபிராமபுரத்துக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள்.